ஜாலான் என்றால் சாலை, ஜாலான் என்றால் போ

அந்த இரண்டு வருஷமும் எங்கள் வீட்டில் வண்டி ஓட்டியது நான் மட்டும்தான். எனக்கு அது பெரிய காரியம் இல்லை. ஜொகூர் பாருவில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள் நான். வேன் நிறையப் பிள்ளைகள் கத்தினாலும் என் கை நடுங்காது. நடுங்கியதெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரருக்குத்தான். வருஷக்கணக்காக ராணுவ லாரி ஓட்டிய மனுஷன், நான் ஒவ்வொரு சந்திப்பை நெருங்கும்போதும் இல்லாத பிரேக்கைக் காலால் தேடுவார். சாவியை நீட்டினால், “நீயே ஓட்டுலா” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் வாய் சும்மா இருக்காதவள். ஆனாலும் இந்த விஷயத்தில் அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

எல்லாம் ஒரு சொல்லால் வந்தது. மலாயில் ஜாலான் என்றால் சாலை. போ, கிளம்பு என்பதற்கும் ஜாலான்தான். ரோட்டைக் காட்டிச் சொன்னால் ரோடு, முதுகைத் தட்டிச் சொன்னால் கிளம்பு. எங்கள் ஊரில் பாலர் பள்ளிப் பிள்ளைக்குக்கூட இதில் குழப்பம் வராது. குழப்பம் வந்தது கடல் தாண்டி, வெயிலும் மண்ணும் தவிர வேறொன்றும் கண்ணில் படாத ஒரு நாட்டில்.

அமைதிப் படையோடு அவரை அங்கே அனுப்பியிருந்தார்கள். சண்டை போடுகிற வேலை இல்லை. முகாமிலிருந்து முகாமுக்கு அரிசி, எண்ணெய், சார்டின் டின், குடிதண்ணீர் கொண்டுபோகிற வேலை. லாரி வரிசையில் முதல் லாரி இவருடையது. பக்கத்தில் உட்கார்ந்து ரேடியோவைக் கவனித்துக்கொண்டவன் கோத்தா திங்கிக்காரன், மலாய்க்காரன். இவரைவிட வயதில் சின்னவன். இவரை ‘பாங்’ என்று கூப்பிடுவான், அண்ணன் என்று. என்னை ‘காக்கா’ என்பான், அக்காவுக்கு மலாயில் அதுதான் சொல். தமிழில் அது எந்தப் பறவை என்று தெரிந்த நாளிலிருந்து கையைச் சிறகாக்கி அடித்துக்காட்டிவிட்டுத்தான் கூப்பிடுவான்.

அவனுக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. தீபாவளிக்கு முதல்நாளே வந்து அடுப்படியில் நின்றுகொள்வான். “எண்ணெய் இன்னும் வடியல” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் முறுக்கு அவன் வாயில் இருக்கும். நாக்கு வெந்து குதிப்பான். யாராவது ஜோக் சொன்னால் முடிவதற்கு முன்பே சிரித்துவிடுவான். அப்புறம், “என்ன ஆச்சு?” என்று கேட்பான். நோன்புப் பெருநாள் ராயாவுக்கு நாங்கள் அவன் வீட்டுக்குப் போவோம். நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம் என்று அவன் அம்மா கோழி ரெண்டாங்கைத் தனிச் சட்டியில் சமைத்து, மூடி போட்டு, வேறு கரண்டி படாமல் எங்களுக்கென்று வைத்திருப்பார். எனக்குப் பிறந்த வீட்டில்கூட அப்படி ஒரு கவனிப்பு நடந்ததில்லை.

அன்றைக்கு லாரி வரிசை ஒரு மேட்டின் அடியில் காத்து நின்றது. ஜீப்பில் முன்னால் போன லெப்டினன், அந்தப் பக்கம் பார்த்துவிட்டு ரேடியோவில் சொன்னது: ‘ஜாலான் தாக் செலாமாட்.’ சாலை பாதுகாப்பாக இல்லை, என்று. இவருடைய லாரி கிளம்பிவிட்டது. மேட்டைத் தாண்டி இறங்கியதும் இரண்டு பக்கத்திலிருந்தும் சுட்டார்கள். பின்னால் இருந்தவர்கள் எப்படியோ தப்பித்தார்கள். இவருக்குத் தோளில் குண்டு. கோத்தா திங்கிக்காரன் அந்த இடத்திலேயே போய்விட்டான்.

பிறகு விசாரணை. முழு வாக்கியத்தையும் சொன்னேன் என்றார் லெப்டினன். என் வீட்டுக்காரரும் அதையே ஒத்துக்கொண்டார். செய்தி ரேடியோவில் முழுசாக வந்தது, என் கூட்டாளி அதை முழுசாகத்தான் சொன்னான், இன்ஜின் சத்தத்தில் என் காதில்தான் முதல் சொல் மட்டும் விழுந்தது, கிளம்பு என்று நினைத்துக் கியரைப் போட்டேன் என்றார். காதைச் சோதித்துப் பார்த்தார்கள். எல்லாம் நன்றாக இருந்தது. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. நான் சமையலறையில் முணுமுணுப்பதற்கு வாசலிலிருந்து பதில் சொல்கிற காது அது. காதில் குறையில்லை என்று ஆனதும் கவனக்குறைவு என்று எழுதினார்கள்.

விசாரணையிலிருந்து பாடமும் எடுத்தார்கள். இனிமேல் ரேடியோவில் யாரும் கிளம்பச் சொல்ல ஜாலான் என்று சொல்லக்கூடாது. ‘கெராக்’ என்றுதான் சொல்ல வேண்டும், நகர் என்று அர்த்தம். வந்த செய்தியைக் கேட்டவன் முழுசாகத் திருப்பிச் சொன்ன பிறகுதான் சக்கரம் உருள வேண்டும். நல்ல பாடம்தான், நான் மறுக்கவில்லை. பாடம் எல்லா லாரிக்கும் போய்ச் சேர்ந்தது. பழி மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

அவர் வேலையை விட்டு வந்துவிட்டார். ஒரு கல்யாண வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது ஒரு அம்மாள், “காது கேக்காத ஆளுக்கு ஏன்தான் லாரிய குடுத்தாங்களோ” என்றாள், என் காதில் விழட்டும் என்று. “ஒங்க வாய அடைக்க ஆள் இல்லாத மாதிரிதான்” என்றேன் நான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வெங்காயம் மட்டும்தான் உரிபட்டது. வீட்டுக்கு வந்து இவரிடம் கத்தினேன். மேல்முறையீடு செய்யலாம், பேசத் தெரிந்த ஆளைப் பார்க்கலாம் என்று எத்தனையோ தடவை சொன்னேன். எல்லாவற்றுக்கும், “விடு” என்பதுதான் பதில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரும் வேனைக் கழுவிக்கொண்டிருந்தோம். நான் மறுபடியும் அதே பேச்சை எடுத்தேன். அவர் குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

“என் காதுல ஒண்ணும் தப்பா விழல. அவன்தான் ‘ஜாலான், பாங்’னு சொன்னான். ரேடியோவுல மொதச் சொல் வந்த ஒடனே சொல்லிட்டான். மிச்சம் வந்துச்சா, வரலையான்னு எனக்குத் தெரியாது. அவனும் கேக்கல. நானும் ‘திரும்பக் கேளுடா’ன்னு சொல்லல.”

“அலாமாக்! இத ஏன் அங்க சொல்லல நீங்க?”

“சொன்னா? அவன் அம்மாகிட்ட யாரு போயி சொல்றது, ஒங்க மகன் அவசரப்பட்டு அவனே செத்தான்னு? அது பிள்ளைய பறிகொடுத்துட்டு நிக்குது. இந்தப் பாரத்த வேற தூக்கிக் குடுக்கணுமா?”

நான் ஈரத்துணியோடு அப்படியே நின்றேன். இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் இவ்வளவுதான் தெரிந்து வைத்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. அதே சமயம் கோபமும் போகவில்லை. செத்தவனுக்காக இவர் உயிரோடு புதைந்து கிடக்கிறாரே, எனக்கு இவர் வேண்டாமா? யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். என்னிடம் போய் ஒரு ரகசியம்.

அந்த லெப்டினன் ஒரு தடவை போன் செய்தார். நலமா என்று கேட்டார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ‘தாக் செலாமாட்’டை முன்னால் சொல்லியிருந்தால், என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். அவரைத் திட்டவென்று நான் சேர்த்துவைத்திருந்ததெல்லாம் ஒன்றும் வாயில் வரவில்லை. அவரும் யாரோ பெற்ற பிள்ளைதானே. சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

இரண்டு ராயாவுக்கு நாங்கள் கோத்தா திங்கிப் பக்கம் போகவில்லை. அவன் அம்மா கூப்பிடவும் இல்லை. மூன்றாவது ராயாவுக்கு அவரே போன் செய்தார். “கோழி ரெண்டாங் தனிச் சட்டியில இருக்கு. யாரு வந்து சாப்பிடுவாங்க?” என்று மலாயில் கேட்டார். போனை இவர் காதில் வைத்தேன். கேட்டுவிட்டு என்னிடமே திருப்பி நீட்டினார். மறுநாள் நான் முறுக்கு டின்னைக் காடியில் வைத்து இன்ஜினைப் போட்டதும், வந்து இடதுபக்கம் ஏறிக்கொண்டார்.

வழியெல்லாம் செம்பனை. எனக்கு அந்த அம்மா ஒரு சுடுசொல் சொல்லிவிட்டால் என் சத்தியம் தாங்குமா என்று பயம். உண்மையைக் கொட்டிவிட்டால் ஒரு தாயின் மனசு உடையும். கொட்டாவிட்டால் என் வீட்டுக்காரர் திரும்பி எழவே மாட்டார்.

அரசாங்க நிலத்திட்டக் குடியிருப்பில் அவர்களுடைய வீடு அப்படியே இருந்தது. அந்த அம்மா முதலில் எங்களைச் சாப்பிட வைத்தார். சட்டியின் மூடியை எங்கள் கண்முன்னால்தான் திறந்தார். தட்டு காலியான பிறகு இவருக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“பெரிய அதிகாரி வந்தாரு,” என்று மலாயில் ஆரம்பித்தார். “ஒங்க மகன் செய்திய முழுசாத்தான் சொன்னான், டிரைவர் காதுல சரியா விழலன்னாரு. என் மகனா? முழுசாவா? சீனி வாங்கிட்டு வா, இல்லேன்னா வெல்லம் வாங்கிட்டு வான்னு சொன்னா, சீனிங்கிறப்பவே வாசல தாண்டிடுவான். எந்த ஒரு பேச்சையாவது கடைசிவரைக்கும் கேட்டிருக்கானா அவன்?”

நான் என் உதட்டைக் கடித்துக்கொண்டேன். இவர் தட்டையே பார்த்தபடி, “இல்ல மக்சிக், என் காதுதான்” என்றார். மக்சிக் என்றால் அத்தை.

அந்த அம்மா கையை நீட்டி இவருடைய காதைப் பிடித்தார். அடம் பிடிக்கிற மகனின் காதைப் பிடிக்கிற மாதிரிதான் பிடித்தார், திருகவில்லை.

“இது நல்ல காது, நாக்,” என்றார், மகனே என்று. “என் மகனுக்காக நீ இத செவிடாக்கிட்ட. ரெண்டு வருஷமா உன்ன கூப்பிட எனக்குத் தைரியம் வரல. நீ வந்து உண்மைய சொல்லிடுவியோன்னு பயம். அப்புறம் நெனச்சேன், அவன் அவசரக்காரன்னு எனக்குத்தானே மொதல்ல தெரியும். அதுக்காக அவன் மேல எனக்கு ஆசை கொறைஞ்சிடுமா?”

இவர் அழுதார். தோளில் குண்டு எடுத்தபோதுகூட அழாத மனுஷன், ரெண்டாங் ஒட்டிய கையோடு விம்மினார். அந்த அம்மாவும் அழுதார். என்னைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பிறகு அந்த அம்மா முறுக்கு டின்னைத் திறந்து ஒன்றை எடுத்துக் கடித்து, ஆறிப்போனதை அவன் என்றைக்கும் சாப்பிட்டதே இல்லை என்று சொல்லிச் சிரித்தார்.

கிளம்பும்போது காடிவரை கூடவே வந்தார். இவர் கையைப் பிடித்து, “ஜாலான் எலோக்-எலோக், நாக்” என்றார். பத்திரமாகப் போ மகனே என்று இங்கே எல்லா அம்மாக்களும் சொல்வதுதான். எனக்குத்தான் திக்கென்றது. அந்தச் சொல் வந்தால் டிவியைக்கூட நிறுத்திவிடுகிறவர் இவர்.

இவர் நின்று கேட்டார். கடைசிவரை கேட்டார். பிறகு, “ஜாலான் எலோக்-எலோக்” என்று ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னார்.

என் பக்கம் வந்து கையை நீட்டினார். “சாவிய குடு. நீ அந்தப் பக்கம் ஒக்காரு.”

கொடுத்தேன். கோத்தா திங்கி பாலம் தாண்டும்வரை அழுதுகொண்டே வந்தேன். வீடு வரும்வரை என் கால் ஒரு தடவைகூட பிரேக்கைத் தேடவில்லை.