காய்ச்சல் என்று எழுதிய லீவு லெட்டர்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த என் கணவர், நாற்பது வயதில் ஒரு பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தார். டிப்ளமோ முடித்தால் சுரங்கத்தில் பெர்மனன்ட் வேலைக்கு முயற்சி செய்யலாம் என்பது அவர் ஆசை.

அவர் ராணுவத்தில் இருந்தவரை லீவு என்றால் எனக்கு அவர் வருகிற நாள். வாசலில் பெட்டியை வைத்துவிட்டு, "லீவு சேங்ஷன் ஆயிடுச்சு மேடம்" என்று சல்யூட் அடிப்பார். ஒரேயடியாக வீட்டுக்கு வந்தவரோ சரியாகத் தூங்குவதில்லை, பேசுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்காகவே ஏங்கினேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

பட்டறை வகுப்பில் இரும்பு அடிக்கும் சத்தம் அவருக்குக் குண்டு வெடிப்பது போலவே கேட்கும். அந்த வகுப்பு வியாழக்கிழமை. அன்றைக்குப் போகவே மாட்டார். டாக்டரிடம் போகலாம் என்றால், "அன்ஃபிட்னு எழுதிட்டா எவன் வேல குடுப்பான்? கம்முனு இரு" என்பார். லீவு லெட்டரில் பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்து வேண்டும். நாற்பது வயது மாணவருக்கு நான்தான் காப்பாளர். ஒவ்வொரு முறையும் காய்ச்சல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

வருகை குறைந்து, பரீட்சையே எழுத முடியாது என்ற நிலையில் அவருடைய வகுப்பு ஆசிரியை என்னை வரச் சொன்னார். என்னைவிடச் சின்னவர். "அதென்னங்க, வியாழக்கிழமை பார்த்துதான் காய்ச்சல் வருது?" என்றார். சிரித்துச் சமாளிக்கப் பார்த்து அழுதுவிட்டேன். "பயந்துகினு இருக்காருங்க" என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

"என் தம்பியும் மனசுக்கு வைத்தியம் பார்த்துக்கிட்டுதான் வேலைக்குப் போறான். நானே அவர்கிட்ட பேசறேன்" என்றார் அவர். பேசினார். கடலூரில் டாக்டரைப் பார்க்கும் நாட்களை மெடிக்கல் லீவாக எழுதிக்கொண்டார். விட்டுப்போன பட்டறை வேலைகளை, ஆளில்லாத சனிக்கிழமைகளில் செய்ய வைத்தார்.

சில மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, என் கணவரே லெட்டர் எழுதி என் முன்னால் வைத்தார். காரணம் என்ற இடத்தில் 'மனநல மருத்துவரைப் பார்க்க' என்றிருந்தது. "லீவு சேங்ஷன் பண்ணுங்க மேடம்" என்றார். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

டிப்ளமோ முடித்துவிட்டார். இன்றும் சில நாள் பேசாமல் உட்கார்ந்திருப்பார். நான் பொய் எழுதிய ஒவ்வொரு வியாழக்கிழமையும், நான் ஏங்கிய மனிதரை நானே வாசலில் நிறுத்தி வைத்திருந்தேன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.