வால்வை மூடிவிட்டு பம்பு போடுகிறவன்

என் பிழைப்பு பம்பு. மும்பை செம்பூரில் ஒரு பம்பு சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறேன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள். போன் செய்து, "மேடம், ஃபிட்டரை அனுப்புங்க" என்று என்னிடமே கேட்கிறவர்களுக்கு, "நான்தான் ஃபிட்டர்" என்று சொல்லிச் சொல்லி என் சாதாரணக் குரலே சண்டைக் குரலாகிவிட்டது. வீட்டில் என்னை வாயாடி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

தாராவியில் தம்பிக்கு ஒரு காலா இருக்கிறது. வேலைக்கூடத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம். இட்லி மாவு அரைத்து, பாக்கெட் போட்டு, மாட்டுங்கா கடைகளுக்கு அனுப்புகிறார்கள். தம்பியின் காலா என்று ஊரே சொல்கிறது, எனக்குத்தான் வாய் வருவதில்லை. அதைத் தொடங்கியது தம்பியின் மனைவி. கல்யாணமாகி வந்த புதிதில் ஒற்றை அறையில் ஒரு கிரைண்டரை வைத்துக்கொண்டு, அரைத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாள். எந்த அரிசிக்கு எவ்வளவு உளுந்து, மழைக்காலத்தில் எவ்வளவு நேரம் புளிக்க வேண்டும் என்பதெல்லாம் அவள் கணக்கு. தம்பி தன் கம்பெனி வேலை போன பிறகு வந்து சேர்ந்தான். சேர்ந்த மறுநாளே முதலாளி ஆகிவிட்டான்.

மாவை டிரம்மிலிருந்து பாக்கெட் மேசைக்கு வாளி வாளியாகத் தூக்கித் தூக்கி அவளுக்கு இடுப்பு விட்டுப்போனது. பம்பு வைக்கலாம் என்று தம்பிக்குத் தோன்றியது நல்ல யோசனைதான். ஆனால் பம்பிலேயே சோறு தின்கிற அக்காவை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? எங்கிருந்தோ ஒரு பழைய தண்ணீர் பம்பைக் கொண்டுவந்து மாட்டினான். மாவு நகரவில்லை. தண்ணீர் விட்டு இளக்கினான். நகர்ந்தது, ஆனால் உள்ளே போட்டு அடித்த அடியில் புளித்து உப்பிய மாவெல்லாம் அமுங்கிப்போய், இட்லி வட்டமாக வெட்டிய அட்டை மாதிரி வந்தது. கடைக்காரர்கள் திட்டிய பிறகுதான் என்னைக் கூப்பிட்டான்.

நான் உட்கார வைத்துச் சொன்னேன். தண்ணீர் பம்புக்குள் ஒரு சக்கரம் சுற்றுகிறது. அது தண்ணீரைச் சுழற்றி வெளியே வீசுகிறது, அவ்வளவுதான். வழி இருந்தால் தண்ணீர் போகும். வழியை அடைத்தால் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ரொம்ப நேரம் விட்டால் சூடாகும், சட்டென்று எதுவும் உடைந்துவிடாது. கெட்டியான மாவை அதனால் ஒழுங்காக வீச முடியாது. மாவுக்கு வேண்டியது ஸ்க்ரூ பம்பு. முறுக்கிய தண்டு ஒன்று ரப்பர் உறைக்குள் சுற்றி, ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று மாவைப் பிடித்துத் தள்ளும். முறுக்கு அச்சைப் போல. அமுக்கினால் மாவு வெளியே வந்துதான் தீர வேண்டும். அச்சின் ஓட்டைகளை அடைத்துவிட்டு அமுக்கினால் அச்சே பிளக்கும்.

"அதனால மாவு வெளிய போற வழியில வால்வு வைக்காத. வைக்கத்தான் வேணும்னா கூட ஒரு ரிலீஃப் வால்வும் போடு. அழுத்தம் ஏறுனா அதுவே தொறந்து மாவ டிரம்முக்குத் திருப்பி விட்டுரும்" என்றேன்.

"சரிக்கா, சரிக்கா, டென்ஷன் எடுக்காத" என்றான்.

ஸ்க்ரூ பம்பு வாங்கினான். மாவு போகிற ஓஸ் குழாயின் கடைசியில், பாக்கெட் மேசைப் பக்கம், ஒரு வால்வும் வைத்தான். ரிலீஃப் வால்வு மட்டும் வைக்கவில்லை. அது தேவையில்லாத சாமானாம்.

அவனுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நாங்கள் வளர்ந்த சாலில், ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும் மாடிக் கட்டடத்தில், காலையில் தண்ணீர் வந்ததும் மாடித் தொட்டிக்கு ஏற்றுகிற பம்பை அவன்தான் போடுவான். வால்வை மூடிவிட்டு சுவிட்ச் போட வேண்டும், பிறகு மெல்லத் திறக்க வேண்டும். அது தண்ணீர் பம்புக்குச் சரியான முறை, மோட்டாருக்குப் பாரம் குறையும். சாலில் எல்லாரும் அவனைப் பெரிய பம்பு நிபுணன் ஆக்கிவிட்டிருந்தார்கள். அதே பழக்கத்தை அவன் மாவு பம்பிலும் காட்டினான். ஒரு நாள் காலையில் மேசைப் பக்கம் நின்று வால்வை இறுக மூடினான். சுவிட்ச் இருப்பது மறுகோடியில், பம்புக்குப் பக்கத்தில். அங்கே அவன் மனைவி நின்றாள். சுவிட்ச் போட்டாள். முந்தின நாள் மாவு காய்ந்து இறுகியிருந்த வால்வு அவன் கைக்குத் திறக்கவில்லை. பம்பு அதற்காகக் காத்திருக்குமா? தள்ளியது. பம்பு வாயில் ஓஸை இறுக்கிப் பிடித்திருந்த இரும்புக் கிளாம்ப் தெறித்து அவள் புருவத்தைக் கிழித்தது.

ஆஸ்பத்திரிக்கு நான் ஓடியபோது தையல் போட்டு ஒரு கண்ணைக் கட்டியிருந்தார்கள். கண் தப்பித்துவிட்டது என்றார் டாக்டர். என் உயிர் திரும்பி வந்தது. அதற்குள் வெளியே பெஞ்சில் தீர்ப்பே எழுதி முடித்திருந்தார்கள்.

"நான் போடுன்னே சொல்லலக்கா. அவளா போட்டுட்டா" என்றான் தம்பி.

"அவளுக்கு எப்பவும் ஒரு பதட்டம்தான்" என்றாள் அம்மா. "மிஷினெல்லாம் அவளுக்கு ஆவாது. ஊர்ல அவ அம்மா வீட்டுல போயி கொஞ்ச நாள் இருக்கட்டும். நல்லானதும் வீட்டோட கெடக்கட்டும்."

போனிலேயே ஊருக்கு டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. அவள் தொடங்கிய காலாவிலிருந்து அவளையே வெளியே அனுப்புகிறார்கள், அதுவும் அக்கறை என்ற பெயரில்! உள்ளே போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அவிய போடுன்னு சொன்னாவ, மைனி. நான் காதால கேட்டேன்."

அவன் சொன்னானா இல்லையா என்று நான் விசாரிக்கவில்லை. எப்போது சுவிட்ச் போட்டிருந்தாலும், வால்வு மூடியிருந்தால் கிளாம்ப் தெறித்துத்தான் இருக்கும். இதைத் தம்பியிடம் சொன்னேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

"வால்வ மூடிட்டுப் போட்டா பம்பு வெடிக்குமா? சால்ல நான் எத்தன வருசம் அப்படிப் போட்டேன், உனக்குத் தெரியாதா?"

ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலாவுக்குப் போனேன். ஓஸை மறுபடி மாட்டி, புதுக் கிளாம்ப் போட்டு வைத்திருந்தான். அவள் தன் துணிமணியை எடுக்க வந்து ஓரமாக நின்றிருந்தாள். அம்மாவும் கூட வந்திருந்தாள். நான் முதல் வேலையாகக் கதவருகே இருந்த மெயின் சுவிட்சை அணைத்தேன். யாரும் கவனிக்கவில்லை. பிறகு மேசைப் பக்கம் போய் வால்வை இறுக மூடினேன்.

"ஏல, இங்க வா" என்றேன். "ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னேல்லா? அவ நின்ன எடத்துல போயி நில்லு. நீயே சுவிட்ச போடு."

"என்னக்கா வெளயாடுத?"

"வெளயாடல. அவ பதட்டக்காரி. நீதான் பம்பு தெரிஞ்சவனாச்சே. போடு."

பம்புக்குப் பக்கத்தில் போனான். சுவிட்சுக்குக் கை நீட்டினான். கிளாம்பைப் பார்த்தான். வால்வைப் பார்த்தான். உடம்பை ஒதுக்கி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, கையை மட்டும் நீட்டிப் பார்த்தான். பிறகு கையை இழுத்துக்கொண்டான்.

"போடுலே" என்றேன். என் குரல் பக்கத்துக் காலா வரைக்கும் கேட்டிருக்கும்.

அவன் போடவில்லை. பின்னால் போய் நின்றுகொண்டான். அம்மா தரையைப் பார்த்தாள்.

ஒரு கண்ணில் கட்டோடு இருந்தவள் முன்னால் வந்தாள். எங்கள் யாரையும் பார்க்காமல் மேசைக்குப் போய், சேலைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்து, அந்த இறுகிய வால்வை முழுசாகத் திறந்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"தெரிஞ்சுதான இருக்கு ஒங்களுக்கு" என்றாள். "டிக்கெட்ட கேன்சல் பண்ணுங்க. நாளைக்கு மாவு போவணும்."