ருக்கு காத்திருந்த ஒன்பது நாட்கள்

“14-11-1995, செவ்வாய். ருக்கு மிளகாய் வத்தலைத் தொடவில்லை. கொய்யாத் துண்டு மூன்று முறை நழுவிற்று. மூக்கு வெட்ட வேண்டும். இன்று வேண்டாம்.”

நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கும் இந்தக் குறிப்பு என்னுடையது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. இதைப் படிக்கும்போதெல்லாம், கொய்யாத் துண்டு கூண்டின் தகரத் தட்டில் விழும் சத்தமும், அதைத் தொடர்ந்து, விழுந்ததை எடுக்க முடியாத ஒரு கிழக்கிளி தட்டையே பார்த்துக்கொண்டு நிற்கும் அமைதியும் எனக்குத் திரும்பக் கிடைத்துவிடுகின்றன.

விக்கிரமசிங்கபுரத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில் பாதிப் பேர் நூல் மில்லுக்குப் போகிறவர்கள், அப்பாவும் அப்படித்தான். ருக்கு எங்கள் கிளியல்ல, அப்பாவின் அக்காவான தங்கம் அத்தையின் கிளி. கல்யாணமாகி ஸ்ரீவைகுண்டம் போன வருஷம், இறகு முளைக்காத குஞ்சாக மாமா அதைக் கொண்டுவந்து கொடுத்தாராம். மாமா இறந்தபின் ஒரு டிரங்குப் பெட்டியோடும் இந்தக் கூண்டோடும் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பா அவளை அக்கா என்பார், அம்மா மதினி என்பாள், நான் அத்தை என்பேன், தெருவுக்கு அவள் பெரியம்மை. “ஏட்டி தங்கம்” என்று மாமாவின் குரலில் பேர்சொல்லிக் கூப்பிட ருக்கு ஒன்றுதான் மிச்சமிருந்தது.

அந்த வருஷம் ருக்குவுக்கு இருபத்திரண்டு வயது என்பது அத்தையின் கணக்கு. கழுத்து வளையத்தின் சிவப்பு மங்கி, பச்சை பழுப்பேறி, பிடி தளர்ந்திருந்தது. கால் வலிக்கக் கூடாதென்று உட்காரும் கம்பியில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, ஐப்பசிச் சாரலுக்குக் கூண்டைச் சாக்கால் மூடி, நெய் விட்டுப் பிசைந்த பருப்புச் சோற்றையும் வறுத்த நிலக்கடலையையும் அத்தை விரல் நுனியில் வைத்து ஊட்டுவாள். கிளியின் மேலலகைத்தான் நாங்கள் ‘மூக்கு’ என்போம். வயதாக ஆக அது கொக்கிபோல நீண்டு கழுத்தைத் தொடப் பார்க்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை அப்பா நகவெட்டியால் நுனியை நறுக்கிவிடுவார்.

இதில்தான் எங்கள் வீட்டு வழக்கம் குறுக்கே வந்தது. செவ்வாய், வெள்ளி, சனிக்கிழமைகளிலும், அஷ்டமி, நவமி, அமாவாசையிலும் எங்கள் வீட்டில் யாரும் முடியோ நகமோ வெட்டுவதில்லை. இப்படி நாள் பார்க்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு என்றாலும், கிளிக்கும் பார்த்தவர்கள் வேறு யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. அத்தைக்கு அதற்கு ஒரு காரணம் இருந்தது. மாமா கடைசியாக முடிவெட்டிக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை. மறுவாரம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அத்தைக்குக் கண்ணில் புரை. காலையில் தாளைக் கிழித்து அன்றைய நாளை வாசித்துச் சொல்வது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. செவ்வாய்க்கு மறுநாள் அஷ்டமி என்று வாசித்தேன். ஷிப்டு முடிந்து வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த அப்பா சிரித்தார்.

“ஏட்டி, ஒங்க அத்தகிட்ட கேளு. கிளி எந்தக் கோயிலுக்கு நேர்ந்துக்கிட்டிருக்காம், அஷ்டமி நவமி பாக்குததுக்கு?”

“நீ சும்மா கெடலே. அவ இந்த வீட்டுப் பிள்ள. நமக்கு ஆகாதது அவளுக்கு மட்டும் ஆவுமாக்கும்?” என்றாள் அத்தை.

வியாழனன்று விடியும்போதே அத்தை கிண்ணத்தில் வெந்நீரும் நகவெட்டியும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள். “இன்னைக்கு ஒண்ணும் இல்லையேட்டி?” என்று கேட்ட குரலில், இல்லை என்று நான் சொல்லிவிட வேண்டுமே என்ற தவிப்பு இருந்தது. தாளைப் பார்த்தேன். “நவமி, அத்தை” என்றேன். அவள் வெந்நீரை முற்றத்தில் கொட்டினாள்.

பிறகு வெள்ளி, சனி. ஞாயிற்றுக்கிழமை தடையில்லை, ஆனால் அன்று கிளியைக் கையிலெடுத்த அப்பா சிரிக்கவில்லை. அலகு பக்கவாட்டில் வெடித்து, அடியில் ரத்தம் கட்டியிருந்தது. “இது என் கைக்கு மிஞ்சிட்டு அக்கா. டாக்டர்தான் பாக்கணும்” என்றார். டாக்டருக்கு ஞாயிறு விடுமுறை. திங்கள் கார்த்திகை முதல் சோமவாரம், அத்தைக்கு விரதம். செவ்வாய் திரும்பவும் வந்தது. புதன் அமாவாசை. அத்தனை நாளும் கரைத்த கஞ்சியைப் பஞ்சில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டோம். உள்ளே போனதைவிட நெஞ்சிறகில் வழிந்ததுதான் அதிகம். “ஏட்டி தங்கம்” நின்றுபோயிருந்தது.

இருபத்துமூன்றாம் தேதி வியாழக்கிழமை அம்பாசமுத்திரம் போனோம். பஸ்ஸில் அத்தை மடியில் கூண்டைப் பார்த்த ஒருவர், “யக்கா, எனக்கு ஒரு சீட்டு எடுத்துப் போடச் சொல்லுங்க, கல்யாணம் தள்ளிக்கிட்டே போவுது” என்றார். சாக்கை விலக்கி உள்ளே பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாங்கள் பார்த்த டாக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மாடுகளுக்கே வைத்தியம் பார்த்துப் பழகியவர். ருக்குவைத் துணியில் பொதிந்து, அலகைச் சிறிது சிறிதாக நறுக்கி, அரத்தால் தேய்த்து, கசிந்த ரத்தத்தில் படிகாரப் பொடி வைத்தார். பிறகு அப்பாவிடம் கேட்டார்.

“என்ன அண்ணாச்சி குடுக்கிய இதுக்கு?”

“நெய்ச்சோறு, கடல… எங்க வீட்ல எல்லாத்தையும் விட அதுக்குத்தான் ராஜ கவனிப்பு.”

“அதான் ஈரல் போயிருக்கு. ஈரல் கெட்டாதான் மூக்கு இப்படி வளரும். மனுசன் திங்குதத குடுத்தா மனுசனுக்கு வார சீக்குதான் வரும். இனிமே காய், பழம், கீரை. சரி, இம்புட்டு வளருத வரைக்கும் ஏன் வே கொண்டாரல?”

அப்பா சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்தார். அத்தை என்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அதன்பின் ருக்குவுக்கு வெள்ளரிப் பிஞ்சும், கோவைப் பழமும், மசித்த கொய்யாவும் கொடுத்தோம். தானாக எடுத்துத் தின்றது. குரல் மட்டும் வரவில்லை. டிசம்பர் 19-ஆம் தேதி காலை கூண்டின் தரையில் கிடந்தது. தன் பழைய சேலையில் கிழித்த துண்டில் சுற்றி, வாய்க்கால் கரையில் அத்தையே குழி தோண்டிப் புதைத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை, நடு வீட்டில் உட்கார்ந்து, யாரிடமும் எதுவும் கேட்காமல், அத்தை பத்து விரலிலும் நகம் வெட்டிக்கொண்டாள். அம்மா பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பதே சட்டப்படி குற்றம் என்பது எங்களுக்கு அன்று தெரியாது. இன்று அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் கூண்டில்லை, இல்லாதது நல்லதுதான். அத்தையும் இல்லை. கடைசி வரை அவளை யாரும் பேர்சொல்லிக் கூப்பிடவில்லை.

நாள், கிழமை பிசகாமல் எழுதுகிறவள் என்று என்னைச் சொல்வார்கள். அந்த நவமி வியாழக்கிழமை, இன்று ஒன்றுமில்லை என்று ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் அப்பாவின் நகவெட்டியோடு வேலை முடிந்திருக்கும். பல வருஷம் கழித்து, பறவை வைத்தியம் தெரிந்த நண்பரிடம் இதையெல்லாம் சொல்லி, அந்த ஒன்பது நாள் பட்டினிதான் ருக்குவைக் கொன்றதா, முன்பே கெட்டுப்போயிருந்த ஈரலா என்று கேட்டேன். அந்த நிலையில் இரண்டுமே காரணமாக இருக்கலாம், இப்போது சொல்ல வழியில்லை என்றார். எது என்று இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.