நிறுத்தி வைத்த வழக்கும் பொட்டு வைத்த கிரைண்டரும்

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கோர்ட் இருக்கிற தெருப் பக்கமே போகமாட்டேன்.

கடல் கடந்து வந்து, த்ரீ கிங்ஸ் என்ற பேட்டையில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து கிரைண்டர் வரவழைத்து விற்கிறேன். டிரம்மைச் சாய்த்து மாவு வழிக்க அதில் ஒரு பூட்டு உண்டு. அந்தப் பூட்டு தங்கள் கண்டுபிடிப்பு என்று இன்னொரு கம்பெனி ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டது. அது போதாதென்று, இறக்குமதியை விசாரிக்கிற அரசு அலுவலகத்திலும் அதே புகார். வந்த சரக்கெல்லாம் துறைமுகக் கிடங்கில் முடங்கியது. எங்கே தோற்றாலும் கடை போய்விடும். எனக்கு வேறு தொழில் தெரியாது.

என் வக்கீல் யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிட இளையவர்.

"ரெண்டு இடத்திலையும் கேள்வி ஒண்டுதான் அண்ணா, அந்தப் பூட்டு ஆரின்ரை எண்டு. அலுவலகம் முடிவு சொல்லுமட்டும் கோர்ட் வழக்கை நிப்பாட்டி வைக்கச் சொல்லிக் கேப்பம்."

"வாய்தாவா மேடம்? வேண்டாம். எங்கப்பா கிணத்துக் கேஸுக்கு வாய்தா வாங்கி வாங்கியே செத்துப்போனாரு."

"வாய்தா இல்லை. ஒரே சண்டையை ரெண்டு இடத்திலை பிடிச்சா நீங்கள் தாங்க மாட்டீங்கள். இங்கை ஒண்டு, அங்கை ஒண்டு எண்டு தீர்ப்பு வந்தாலும் பிழை."

பிறகு அவர் ஒன்று சொன்னார். கடையில் மிச்சமிருந்த ஒரே கிரைண்டரைப் பெட்டி பிரிக்காமல் வைத்திருக்க வேண்டும்; அலுவலகத்திலிருந்து வந்து பார்ப்பார்கள். கடையில் யாராவது தொட்டுவிடுவார்களோ என்று பயந்து, ஏவன்டேலில் இருக்கிற என் வீட்டுக்கே கொண்டுவந்து ஹாலில் வைத்தேன்.

ஆயுத பூஜை வந்தது. சோறு போடுகிற பொருளுக்கு அன்றைக்குப் பொட்டு வைக்காமல் இருந்தால் எனக்குப் பொறுக்காது. அதுவும் இந்த வருஷம்.

"ஏங்க, பிரிக்கலாமா அதை?" என்றாள் மனைவி.

"சாமிக்குத்தானே. ஓடவா விடப்போறேன்?"

பிரித்தேன். டிரம்மில் விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம். பூட்டுக்கும் தனியாக ஒரு பொட்டு; சண்டையே அதற்குத்தானே. உள்ளே கல்லுக்குப் பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம். போட்டோ எடுத்து, வருஷா வருஷம் செய்வதுபோல போனில் இருந்த எல்லாருக்கும் வாழ்த்து அனுப்பினேன். வக்கீலுக்கும்தான்.

உடனே கூப்பிட்டார். "அண்ணா, இது எந்த கிரைண்டர்?"

"ஹால்ல இருக்கிறதுதான் மேடம்."

"பெட்டி பிரிக்கேல்லை எண்டு நான் கோர்ட்டுக்கு எழுதிக் குடுத்திட்டன்."

"இப்பவே துடைச்சு உள்ள வச்சிடறேன் மேடம்."

"தொடாதேங்கோ. துடைச்சா மறைச்ச மாதிரி. உள்ளதை நானே சொல்லுறன்."

விசாரணையன்று பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வக்கீலே கோர்ட்டில் கொடுத்திருந்த அந்தப் போட்டோவை எதிர்த்தரப்பு வக்கீல் காட்டிப் பேசும்போது நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். சிரித்தாரா, கோபமா, தெரியவில்லை. அதோடு கடையை இழுத்து மூடியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

வெளியே வந்து வக்கீல் சொன்னார்: "நிப்பாட்டியாச்சு அண்ணா. ஆனா கிரைண்டர் இப்ப எப்பிடி இருக்கோ அப்பிடியே இருக்கோணும். அலுவலகக்காரர் வந்து பாக்குமட்டும் ஒருத்தரும் தொடக்கூடாது. தொட்டா ஜட்ஜ் வழக்கைத் திரும்பத் தொடங்கிப்போடுவார்."

"எப்ப வருவாங்க?"

"தெரியாது."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

"ஒண்டும் செய்யாதேங்கோ."

அதுதான் என்னால் முடியாதது. இந்த வீட்டு ஈரத்தில் எலுமிச்சம்பழம் முதலில் சுருங்கியது, பிறகு பச்சையாகப் பூஞ்சணம் பூத்தது. எடுக்கக்கூடாது. பூட்டிலிருக்கிற குங்குமம் காய்ந்து உதிரப் பார்க்கிறது. அதற்குப் பயந்து ஹீட்டர் போடுவதில்லை. மனைவி ஸ்வெட்டரோடு பாக்கெட் மாவில் தோசை சுடுகிறாள். கதவை யாராவது தட்டினால் அவர்கள்தானோ என்று எழுந்து ஓடுகிறேன். ஓடும்போதும் கிரைண்டர் பக்கம் காற்றுப் படாமல் சுவரோரமாகவே போகிறேன்.