தேவதானத்துக்கு மேற்கே, ரிவர்ஸ் கியரில்

கடந்த வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். மாமனார் விட்டுப்போன பழைய ஆட்டோமேட்டிக் காரை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தேவதானம் என்று மலையோரமாக ஒரு சுற்றுப் போய்வரலாமா, வண்டி தாங்குமா என்று கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. 1994 ஆடி மாதத்தில் அதே சாலையில், அப்படி ஒரு காரில் நான் போனதைச் சொன்னால்தான் என் பதில் அவருக்குப் புரியும்.

அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் தரச்சோதனைப் பிரிவில். போக பன்னிரண்டு கிலோமீட்டர், வர பன்னிரண்டு. சின்ன வயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தால் என் இடது காலில் பலம் இல்லை. இரும்புக் காலிப்பர் மாட்டித்தான் நடப்பேன். கிளட்ச் மிதிப்பது நடக்காத காரியம். பஸ்ஸில் போன காலத்தில் யாராவது கைகொடுத்து ஏற்றிவிட வேண்டும். அதைக் கேட்கக் கூச்சப்பட்டே மூன்று பஸ்ஸை விட்டிருக்கிறேன்.

அக்காவின் கணவர், என் அத்தான், சிங்கப்பூரில் கப்பல் பட்டறை மெக்கானிக். பதினெட்டு வருடம் கழித்து ஊர் திரும்பியபோது தன்னுடைய ஜப்பான் காரையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். ஆறு மாதம் அதை வைத்திருந்தார். பிறகு ஒருநாள் சாவியை என் சட்டைப்பையில் போட்டார். "இதுல ரெண்டு பெடல்தான் மாப்ள. ஒனக்கு இது போதும்லா" என்றார். அன்றிலிருந்து யார் கையையும் எதிர்பார்க்காமல் வேலைக்குப் போனேன்.

அந்த ஆடியில் வண்டி மாறத் தொடங்கியது. காலையில் லீவரை முன்னால் போகும் 'டி'-யில் போட்டால் உடனே இழுக்காது, இரண்டு மூன்று விநாடி யோசிக்கும். வேகம் எடுக்கும்போது என்ஜின் மட்டும் கத்தும், சக்கரம் பின்தங்கும். கியர்பாக்ஸ் எண்ணெய் சிவப்பாக இருக்க வேண்டும். அளவுகோலை உருவித் துணியில் துடைத்தால் காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது, கருகிய வாடை. என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், அத்தான்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். இருந்தும் இரண்டு வாரம் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சுற்றுவட்டாரத்தில் இந்தக் கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்த்தவர்கள் இல்லை. வண்டியைக் கழற்றிப் போட்டால் மறுநாள் பஸ் நிறுத்தத்தில் நிற்க வேண்டும். அந்தப் பயம்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை 10.40-க்கு மில்லுக்கு போன் வந்தது. தேவதானத்திலிருந்து அத்தானின் பக்கத்துத் தோட்டக்காரர் பேசினார். "அவியளுக்கு ரொம்ப முடியல. ஒங்களப் பாக்கணும்னு கேக்காவ. ஒடனே வாங்க."

அத்தானுக்கு நுரையீரலில் நோய். மதுரையில் பார்த்துவிட்டு, வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பி ஒரு மாதம் ஆகியிருந்தது.

10.55-க்குக் கிளம்பினேன். சேத்தூர் வரைக்கும் நாற்பதைத் தாண்டாமல் ஓட்டினேன். தேவதானத்தில் மேற்கே திரும்பி, மலையைப் பார்த்துப் போகும் மண்பாதையில் இரண்டரைக் கிலோமீட்டர் போனால் அத்தானின் தோட்டத்து வீடு. பஸ் கிடையாது, வழியில் வீடுகளும் கிடையாது. திரும்பி அரைக் கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன், என்ஜின் ஓங்கிக் கத்தியது, வண்டி நின்றுவிட்டது. மணி 11.35. முன்னால் போகும் 'டி', 'இரண்டு', 'எல்' எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்தேன். அசையவில்லை. அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் ஆறவிட்டேன். மறுபடியும் அதே கதை.

புல்லுக்கட்டோடு ஒரு அம்மாள் வந்தார். நாற்பது வயதிருக்கும். பிறகு கேட்டபோது பெயர் பேச்சியம்மாள் என்றார்.

"என்ன அண்ணாச்சி, பெட்ரோல் இல்லியா?"

"பெட்ரோல் இருக்கும்மா. கியர் புடிக்க மாட்டேங்கு."

"ரோட்டுக்குப் போயி நாலு பேரக் கூட்டியாரட்டா? தள்ளி விட்ருவோம்."

"தள்ளினா கெளம்புற வண்டி இல்ல இது."

அவர் என் காலிப்பரைப் பார்த்தார். எங்கே போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். "அய்யோ, சிங்கப்பூரார் வீட்டுக்கா" என்றவர் கட்டைக் கீழே இறக்கினார். ஓடிப் போய் ஒரு மாட்டு வண்டியை அழைத்துவருவதாகச் சொன்னார். போய் வர ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரை காத்திருக்க முடியாது. போட்டுப் பார்க்காமல் மிச்சமிருந்தது ரிவர்ஸ்தான், லீவரை 'ஆர்'-க்குத் தள்ளினேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிப் பின்னால் இழுத்தது.

முன்னால் போகும் பிடி கருகியிருக்கிறது, பின்னால் போகும் பிடி வேறு, அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று புரிந்தது. பாதையோரம் ஒரு களம் இருந்தது. பின்னால் போயே அதற்குள் வளைத்து, வண்டியின் பின்பக்கம் மலையைப் பார்க்கும்படி திருப்பினேன்.

"ஏம்மா, செத்த நேரம் வண்டிக்குப் பின்னாடி நடந்து வழி சொல்றீயளா? என்னால முழுசாத் திரும்பிப் பாக்க முடியாது."

"வாங்க" என்றார்.

இரண்டு கிலோமீட்டருக்கு மேல் அப்படியே போனோம். அவர் நடக்க, நான் அவர் வேகத்துக்குப் பின்னோக்கி வந்தேன். "வலத்த ஒடிங்க. போதும். ஆடு வருது, நில்லுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மூன்று இடத்தில் நிறுத்திச் சூடு ஆறவிட்டோம். கழுத்து நரம்பு முறுக்கிக்கொண்டது. தென்னந்தோப்பில் காய் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பேச்சியம்மாள் அவர்களிடம் ஏதோ சொன்னார். சிரிப்பு நின்றது. இருவர் இறங்கி வந்து, பாதையில் கிடந்த மட்டைகளை இழுத்துப் போட்டு வழி செய்தார்கள்.

12.50-க்கு வீட்டு வாசல். அக்கா ஓடி வந்து என் தோளைப் பிடித்தாள். "முழிச்சுத்தான் இருக்காவ. வா."

அத்தான் கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். கண் மட்டும் தெளிவாக இருந்தது.

"வண்டி எப்படி இருக்கு மாப்ள?"

"நல்லா ஓடுது அத்தான்."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "பொய் சொல்லாத. ரிவர்ஸ் சத்தம் அங்கன இருந்தே கேட்டுச்சு. எத்தன நாளா இப்படி?"

"ரெண்டு வாரமா."

"ஏன் சொல்லல?"

நான் காலிப்பரின் வாரை இழுத்து இறுக்கினேன். அவர் சுவரைப் பார்த்தார். "நானும் அப்படித்தான். இருமல்ல ரத்தம் வந்து ஒரு வருசமாச் சொல்லல. வேலைய விட்டு அனுப்பிருவான்னு பயம்." பிறகு என் கையைப் பிடித்தார். அந்தப் பிடியில் பலமே இல்லை. "நீ வேலைய விட்றாத. வண்டி இல்லாட்டி பஸ்ல போ. யார்ட்டயாவது கை குடுக்கச் சொல்லு. கேட்டா என்ன கொறஞ்சா போயிரும்?"

அன்று மாலை நான்கு மணிக்கு அவர் போய்விட்டார். அந்த மூன்று மணி நேரமும் அவர் பக்கத்திலேயே இருந்தேன்.

காரைப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு லாரியில் ஏற்றி மதுரைக்கு அனுப்பினேன். லாரி வாடகை 900 ரூபாய். அத்தானுடன் வேலை பார்த்தவர் சிங்கப்பூரிலிருந்து, கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகளும் சீல்களும் அனுப்பிவைத்தார். எல்லாம் முடிய நாற்பது நாள். அந்த நாற்பது நாளும் பஸ்ஸில் போனேன். முதல் நாள் கண்டக்டரிடம், "அண்ணே, ஒரு கை குடுங்க" என்று கேட்டேன். அவர் கொடுத்தார். மறுநாள் நான் கேட்பதற்கு முன்பே இறங்கி வந்து நின்றார்.

இனி அந்த வாசகருக்கு. போகலாம், ஆனால் வண்டி சொல்வதைக் கேட்டுவிட்டுப் போங்கள். கிளம்புமுன் சமதளத்தில், என்ஜின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர்பாக்ஸ் எண்ணெயைப் பாருங்கள். சிலவகை வண்டிகளில் அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், கையேட்டைப் படித்துக்கொள்ளுங்கள். பழுப்பும் கருகல் வாடையும் இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வழியில் நின்றால் கயிறு கட்டி இழுக்க யாரையும் விடாதீர்கள். இழுவைச் சக்கரம் தரையில் உருண்டால் மிச்சமிருக்கும் கியர்பாக்ஸும் போய்விடும். முழு வண்டியையும் லாரியில்தான் ஏற்ற வேண்டும். நான் செய்த ரிவர்ஸ் வித்தையைச் செய்யாதீர்கள், எனக்கு அன்று வேறு வழியில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தால் பக்கத்திலிருக்கும் திருவண்ணாமலைக்கும் போய்வாருங்கள். அதே பெயருடைய வடக்கத்தி ஊர் இல்லை, பெருமாள் குன்றின்மேல் நிற்கும் கோயில். ஊரிலிருந்து நாலைந்து கிலோமீட்டர்தான். புரட்டாசி சனிக்கிழமைகளில் கூட்டம் நெரியும். சாதாரண நாளில் காலை ஏழு மணிக்கு யாருமில்லை.

கார் மதுரையிலிருந்து திரும்பியதும் அக்காவை முதலில் அங்கேதான் அழைத்துப்போனேன். அத்தான் போனபின் அவள் தோட்டத்தை விட்டு வெளியே வந்தது அன்றுதான். அடிவாரத்தில் நிறுத்தினேன். அவள் கதவைத் திறக்கவில்லை. டாஷ்போர்டின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ஜினை அணைக்கப் போனேன்.

"அணைக்காதலே," என்றாள். "செத்த நேரம் ஓடட்டும்."

அணைக்கவில்லை.