கீழக்கரை மறைவு

சீமைக்கருவேல மரத்தைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் வேரோடு பிடுங்கி எறியத்தான் கை பரபரக்கும். எங்கள் ஊர்ச் சின்னக் கண்மாயைக் குடித்துத் தீர்த்தது அந்தச் சனியன்தான். ஐப்பசியில் பெய்த தண்ணீர் தை மாதத்தைத் தாண்டாது. கரையோரக் கிணற்றில் வாளியை விட்டால் சேறுதான் வரும்.

ஆனால் அந்த முள்ளுக்குள்தான் நாங்கள் ஒதுங்கியாக வேண்டும். ஊரில் ஒரு வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. கீழக்கரை முள் பெண்களுக்கு, மேலக்கரை முள் ஆண்களுக்கு. பட்டாசுக் கம்பெனி வண்டி வருவதற்குள் இருட்டோடு போய்விட்டு வந்துவிடுவோம். காலில் ஏறிய முள்ளைக் கம்பெனியில் உட்கார்ந்துதான் ஊக்கால் எடுப்பேன்.

நூறு நாள் வேலை வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, முள்ளை வெட்டப் பொக்லைன் வந்தது. எந்தப் பக்கம் ஆரம்பிக்க என்று டிரைவர் கேட்டான். பஞ்சாயத்துத் தலைவர் கீழக்கரையைக் காட்டினார். கூட நின்ற ஆண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். வேலிக்கு ஓணான் சாட்சி! மேலக்கரை நிழலில்தான் அவர்களுடைய சீட்டுக் கச்சேரி நடக்கும், அதைத் தொட மனசு வருமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொக்லைனுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். கம்பெனிக்கு என்னோடு வரும் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள்.

“வெட்டுங்க அண்ணாச்சி, வேண்டாம்னு சொல்லல. மொதல்ல மேலக்கரையில வெட்டுங்க. எங்களுக்குக் கக்கூஸ் கட்டிக் குடுத்துட்டு இங்கன வாங்க.”

“அங்கன வெட்டிப்புட்டா நாங்க எங்கன ஒதுங்குறது?” என்றார் தலைவர், கொஞ்சமும் கூசாமல்.

டிரைவரே சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு பொறுக்காமல்தான் அவர் வண்டியை மேலக்கரைக்குத் திருப்பச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் அந்தப் பக்கம் மொட்டையானது. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் அன்றைக்குக் கறி எடுத்துச் சமைத்தேன்.

மறுநாள் விடியுமுன் வழக்கம்போல் எல்லோரும் கீழக்கரைக்குப் போனோம். முள்ளுக்குள் யாரோ இருமினார்கள். பார்த்தால், அங்கங்கே பீடி நெருப்பு.

“ஆம்பளைக இருக்கோம்ல, அங்கிட்டுப் போங்க!” தலைவரின் குரல்தான்.

அங்கிட்டு மேலக்கரையில் ஒரு செடி மிச்சமில்லை. வாயில் வந்த வசவையெல்லாம் கொட்டினேன், ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ரோட்டில் கம்பெனி வண்டி ஹாரன் அடித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே போய் ஏறினோம்.