மழிக்காத முகம்

இண்டூர் மாதவராஜுக்கு முப்பத்தெட்டு வயது. மல்பெரித் தோட்டத்தில் நாள் முழுக்கத் தழை அறுத்தவர், இரண்டு வருடமாக ஒரு தழைக்கட்டைத் தூக்கவே திணறினார். மனைவி சுகுணாவின் அருகில் படுக்கவும் கூசினார். தான் செத்துப்போய், வேறு யாரோ தன் சட்டையைப் போட்டுக்கொண்டு நடமாடுவதாகவே அவருக்குத் தோன்றியது.

"ஆண் ஹார்மோன் டெஸ்ட் எடுக்கலாங்களா?" என்று கேட்டபோது இரண்டு டாக்டர்கள் சிரித்தார்கள். "டென்ஷனைக் குறைங்க" என்று சத்து மாத்திரை எழுதினார்கள்.

மூன்றாவது டாக்டரிடம் அவர் வாயே திறக்கவில்லை. உடன் வந்த சுகுணாதான் பேசினாள். "இவரு முகத்தப் பாருங்க டாக்டர். ஷேவ் பண்ணி ஒன்றரை மாசம் ஆவுதுங்க. முடியே மொளைக்கல."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவர் தாடையைத் தொட்டுப் பார்த்தார். மறுநாள் காலையிலேயே ரத்தம் எடுக்கச் சொன்னார். ஹார்மோன் மிகக் குறைவாக இருந்தது. ஸ்கேனில் மூளைக்கு அடியில், அந்த ஹார்மோனைத் தூண்டும் சுரப்பியில் சிறு கட்டி தெரிந்தது.

மாத்திரையும் ஊசியும் தொடங்கி ஆறு மாதத்தில் பலம் திரும்பியது. ஆனால், இதே போல ஓய்ந்து கட்டிலில் கிடந்து இறந்த அப்பாவின் நினைவு இப்போது அவரை விடுவதில்லை. அப்பாவை யாரும் டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை. "சும்மா படுத்தே கெடக்கறியேப்பா" என்று மாதவராஜே எத்தனையோ முறை கத்தியிருக்கிறார்.